கேட்டதற்கு மட்டும்

லாண்டரியில் அவருக்கு ரேடியோ என்று பெயர். மணி என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். சுவர்க் கடிகாரம் எந்த வருஷம் வந்தது, அதை மாட்டியவனுக்கும் அப்போதிருந்த மேனேஜருக்கும் என்ன தகராறு, அது ஏன் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று எல்லாம் சொல்லி முடித்து, கேட்டவர் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நகரும்போதுதான் மணி வரும். ரோலர் மெஷின் பகுதிக்கு இருபத்தெட்டு வருஷமாக அவர்தான் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரி பெட்ஷீட்டும் ஹோட்டல் மேஜைத் துணியும் ஈரத்தோடு மலை மலையாக வந்து விழும். நீராவி, இரைச்சல், சோப்புத் தூள் நெடி. அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசியே பழகிய குரல் வீட்டுக்கு வந்தும் இறங்காது. எதிர்வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுவார்.

மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்த அன்று, கல்லூரி கொடுத்த சின்னப் புத்தகத்தை அவர்தான் முதலில் பிரித்தார். ஐந்து வருஷம் படித்து முடித்தால் மாணவர்களுக்கு என்னென்ன திறமை வந்திருக்கும் என்று அதில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார்.

"'நீண்ட ஆவணங்களைப் படித்துச் சாரத்தைப் பிரித்தெடுப்பார்கள்.' சரி, நல்லதுதான். 'ஒரு பிரச்சினையை இரு தரப்பிலிருந்தும் வாதிடுவார்கள்.' இத இவ எட்டு வயசுலயே பண்ணிட்டாளே, இதுக்குப் போய் ஃபீஸா? 'பிறர் சொல்வதைக் கவனமாகக் கேட்பார்கள்.' இது நம்ம வீட்டுக்கு ரொம்ப அவசியம்."

"யாருக்கு அவசியம்னு ஊருக்கே தெரியும்," என்றாள் அம்மா, பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே.

சித்தப்பா சிரித்தார். அவர் அப்பாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தார். அதே லாண்டரியில், அண்ணன் பார்வையிலேயே, ரோலர் மெஷினுக்குத் துணி கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பாடு அண்ணன் வீட்டில். அண்ணன் பேசுவார், தம்பி கேட்பார். ஒரே கதையை நூறு தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்கிற மாதிரியே "அப்புறம்?" என்பார். அண்ணன் மகளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவள் காலேஜ் வாசலை மிதிப்பதற்குப் பத்து வருஷம் முன்பே வைத்துவிட்டார்.

"இந்த வாரம் என்ன கத்துக்கிட்டே வக்கீலம்மா?" ஞாயிறு தவறாமல் இந்தக் கேள்வி வரும். அவளும் புதிதாகக் கற்றதையெல்லாம் வீட்டு மேஜையில்தான் பரீட்சை பண்ணிப் பார்த்தாள். அப்பா ஒரு கதையை ஆரம்பித்தால் நடுவில் மறித்து, "இது நீங்க பாத்ததா, கேள்விப்பட்டதா?" என்பாள். கேள்விப்பட்டது என்றால், "செல்லாது, அடுத்தது" என்பாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மறுநாள் லாண்டரியில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார். துணி மடிக்கிற பெண்களின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று மூன்று வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் அரைப் பக்கத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். ஒரு சொல் கூடுதலாக இல்லை. நாலாம் நாள் தாழ்ப்பாள் வந்தது. அன்றிலிருந்து லாண்டரியில் அவளுக்கு ஏக மரியாதை. அவளுக்கும் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

நாலாம் வருஷ மழைக்காலத்தில்தான் அது நடந்தது. ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரிகளிலிருந்து துணி இரண்டு மடங்காக வந்து குவிந்தது. ரோலர் மெஷின் என்பது ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும் கொதிக்கிற இரும்பு உருளைகள். ஈரத் துணியின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து உள்ளே கொடுத்தால், அந்தப் பக்கம் காய்ந்து தேய்த்து வெளியே வரும். உருளைக்கு முன்னால் கை போகாமலிருக்க ஒரு தடுப்புப் பட்டை உண்டு. விரல் லேசாக இடித்தாலே மெஷின் நின்றுவிடும். தொல்லை என்னவென்றால், தடித்த தையல் ஓரம் இடித்தாலும் நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓட்ட அரை நிமிஷம். அவசரமான நாட்களில் பட்டையை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிடுவது வழக்கம். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

அன்றும் கட்டியிருந்தது. ஒரு போர்வையின் ஓரம் சித்தப்பாவின் வலது கையைச் சுற்றிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மீதிக் கையைக் காப்பாற்றியதே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

இருபது நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விதியை மீறித் தடுப்பைக் கம்பியால் கட்டியது அவரேதான், ஆகவே விபத்துக்கு அவரே பொறுப்பு, நஷ்டஈட்டுக்கு வழியில்லை, வேலையும் இல்லை. சித்தப்பா அதை இடது கையில் பிடித்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"நான் கட்டல வக்கீலம்மா."

"எனக்குத் தெரியும் சித்தப்பா," என்றாள் அவள். உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நம்பினாள், அவ்வளவுதான். நம்புவதும் தெரிவதும் ஒன்றல்ல என்று முதல் வருஷத்திலேயே படித்திருந்தாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை என்று ஆனது. அவள் இன்னும் மாணவிதான். அதனால் அவள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த சீனியர் வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். ஆனால் இரவு பகலாகக் காகிதங்களைத் தோண்டியது அவள். மெஷின் பராமரிப்புப் பதிவேட்டின் நகல் முந்நூறு பக்கம். தினமும் தடுப்பைச் சோதித்ததாக மேனேஜரின் கையெழுத்து. மூன்றாம் முறை புரட்டும்போது, லாண்டரி மூடியிருந்த ஒரு விடுமுறை நாளிலும் அதே கையெழுத்து இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான்கு மாதத்துக்கு ஒரே மை, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டது. சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார்.

"இது போதும்மா. உங்கப்பாவ சாட்சியாக் கூப்பிடலாம். மெஷின் எப்படி ஓடும், தடுப்புக்கு எத்தன தடவ ரிப்பேர் கேட்டாங்க, அவ்வளவுதான். ஆனா அவரு கொஞ்சம் ஜாஸ்தி பேசுவாருன்னு கேள்வி. தயார் பண்ணிக் கூட்டிட்டு வா."

அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை விடவில்லை. காய வேண்டிய துணியெல்லாம் சமையலறைக்குள் கயிற்றில் தொங்கியது. அம்மா மேஜை ஓரத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ரொட்டியை டீயில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா எதிர் நாற்காலியில். அவள் மட்டும் நின்றாள்.

"நான்தான் கம்பெனி வக்கீல். சரியா? அன்னிக்குக் காலைல எத்தன மணிக்கு வேலைக்குப் போனீங்க?"

"அன்னிக்கா, ஒரே மழைம்மா. பஸ் வேற வழில நின்னுபோச்சு. கண்டக்டரு யாருன்னா நம்ம பழைய..."

"அப்பா. மணி."

"ஏழு. ஆனா அந்தப் பஸ்ஸு..."

"ஆனா எல்லாம் கெடையாது. கேட்டதுக்கு மட்டும் பதில். மேல ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, அந்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போயிடுவாரு."

"அப்ப பேசவே கூடாதுங்கறே."

"ஆமா, இல்ல, தெரியும், தெரியாது. இந்த நாலே போதும்."

"எங்கண்ணனுக்கு நாலு வார்த்தையா?" என்றார் சித்தப்பா. "அண்ணி, எனக்கு நஷ்டஈடு வாங்கித் தர்றதுக்குள்ள இவ அவர மூச்சு முட்ட வெச்சுடுவா போலிருக்கு."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அந்த வீட்டில் நாலு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. அன்று யாருக்கும் அது தெரியவில்லை.

மெல்ல மெல்ல அவருக்கு வந்துவிட்டது. மெஷின் அடிக்கடி நிற்குமா? ஆமா. ரிப்பேருக்கு எழுதிக் கொடுத்தீர்களா? ஆமா. எத்தனை முறை? நாலு. அவள் குரலை மாற்றினாள், மிரட்டினாள், நைசாகப் பேசினாள், ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டாள். அவர் அசையவில்லை. சித்தப்பா "சபாஷ்ணே" என்றார். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையில் இருந்த பென்சிலை மேஜையில் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனாள்.

குறுக்கு விசாரணை சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒரு வருஷம் முழுக்க இரண்டே விஷயத்தைத்தான் சொன்னார். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே. தேவையானது கிடைத்ததும் உட்கார்ந்துவிடு. அவளுக்குத் தேவையானது எப்போதோ கிடைத்துவிட்டது. அவள் உட்காரவில்லை.

"கடைசியா ஒண்ணு. அந்தக் கம்பியக் கட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

அப்பா அவளிடம் வாங்கிக்கொண்ட நாலு வார்த்தைகளில் ஒன்றைத் தேடுகிறவர் போல மேஜையைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். வேகம் அவளை விடவில்லை.

"யாரு?"

"நான்தாம்மா."

அம்மாவின் கை பட்டாணித் தோலுக்குள் அப்படியே நின்றது. அவளுக்குப் பென்சிலை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பாதான் மறுபடி பேசினார், சின்னக் குரலில். அந்தக் குரல் அவரிடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் போயாகணும்னு மேனேஜரு கத்திட்டுப் போனாரு. நான் கட்டினேன். டீ டைம்ல அவுத்துடலாம்னுதான் இருந்தேன். டீ குடிக்கறப்ப, நம்ம லாரி டிரைவரோட பழைய கதை ஒண்ணச் சொல்லிக்கிட்டிருந்தேன். பேசிக்கிட்டே மறந்துட்டேன்டா."

சித்தப்பா ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்ணே."

"தெரியுமா?"

"கம்பிய நீ முறுக்கற முறுக்கு எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுல வாளிப் புடிலேர்ந்து துணிக் கயிறு வரைக்கும் அந்த மூணு முறுக்குதானே. ஆஸ்பத்திரில கண்ண முழிச்ச அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம், சொல்லாட்டியும் போகட்டும்னு இருந்தேன். மனசுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டு உக்காந்து சாப்பிட முடிஞ்சுதுண்ணே. காதுல விழறது வேற."

அவள் தலைக்கு மேல் ஈரத்துணி தொங்கிய கொடியைப் பார்த்தாள். ஆணியில் கம்பி மூன்று முறுக்கு, நுனியை உள்ளே மடக்கி விட்டிருந்தது. கம்பெனி அனுப்பிய போட்டோவில் இதே முறுக்கை முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். முந்நூறு பக்கத்தில் ஒரு விடுமுறை நாளைக் கண்டுபிடித்தவளுக்கு, பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் இருந்தது கண்ணில் படவில்லை.

"விரல் போனது போகட்டும்," என்றார் சித்தப்பா. "அங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுண்ணே. நான் கட்டலன்னு. தன் கையத் தானே கொண்டுபோய்க் கொடுத்த முட்டாள்னு லாண்டரில பேசிக்கறாங்க. வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து ஒரு துணியக்கூடத் தீய விட்டதில்ல நான்."

"சொல்றேன்டா. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"அவசரப்படாதீங்கப்பா," என்றாள் அவள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு எல்லாம் வரிசையாகத் தோன்றியது. அப்படித் தோன்றத்தானே நாலு வருஷம் படித்தாள். அப்பாவுக்கு வேலை போகும். அஜாக்கிரதை என்று போலீஸ் வழக்கும் வரலாம். கம்பெனி பழியை அவர் தலையில் கட்டிவிட்டுக் கழன்றுகொள்ளப் பார்க்கும். ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

"பொய் சொல்லச் சொல்லல. கேட்டா மறைக்காதீங்க. கேக்காம நீங்களாச் சொல்லாதீங்க. கேட்டதுக்கு மட்டும்."

சித்தப்பா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "வக்கீலம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அதில் கேலி இல்லை. சீனியரிடம் அவள் இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

விசாரணை நடந்தது ஒரு நீளமான அறையில். சுவரோரமெல்லாம் நாடா கட்டிய கோப்புகள். ஜன்னல் பாதி சாத்தியிருந்தும் சாரல் உள்ளே அடித்தது. விடுமுறை நாள் கையெழுத்தைச் சீனியர் எடுத்து வைத்ததும் மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அப்பா வந்து நின்றார். தோய்த்துத் தேய்த்த சட்டை, கையைக் கட்டிக்கொண்டு. ஆமா, இல்ல, நாலு தடவ, தெரியும். அதிகாரிக்கே ஆச்சரியம். பேனாவைத் தூக்குவதற்குள் பதில் முடிந்துவிடுகிறது.

கம்பெனி வக்கீல் எழுந்து மூன்றே கேள்வி கேட்டார். எத்தனை வருஷ சர்வீஸ், எத்தனை மெஷின், அடிபட்டவர் உங்கள் தம்பியா. உட்கார்ந்துவிட்டார். கம்பியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அவர் உட்கார்ந்த அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். சூப்பர்வைசர் கட்டினார் என்று பதில் வந்துவிட்டால், கட்டியது கம்பெனியின் ஆள் என்று ஆகிவிடும். கம்பெனியே குழி தோண்டிக்கொண்ட மாதிரி. எதிர்த்தரப்பு நாற்காலியில் போய் உட்கார்ந்து பார் என்று முதல் வருஷத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். சமையலறையில் அவள் எதிர்த்தரப்பின் குரலில் பேசினாள், நாற்காலியில் மட்டும் உட்கார்ந்து பார்க்கவில்லை. வரவே வராத ஒரு கேள்விக்குப் பயந்து, வீட்டில் அவளே அதைக் கேட்டு வைத்தாள்.

அதிகாரி காகிதங்களை அடுக்கினார். நல்ல மனுஷர். அடுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க வேற ஏதாவது சொல்லணுமா?"

அவள் போட்ட பட்டியலில் இந்தக் கேள்வி இல்லை. அப்பாவின் உதடு பிரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டார். கதை ஆரம்பிக்கும் முன் அவர் இழுக்கிற மூச்சு அது, அவளுக்கு நன்றாகத் தெரியும். தம்பியைப் பார்த்தார். தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பிறகு அப்பா அவளைப் பார்த்தார்.

அவள் தலையை ஆட்டினாள். நூலளவுதான். வேண்டாம் என்று.

"இல்லைங்க," என்றார் அப்பா.

சித்தப்பா பார்த்துவிட்டார். தீர்ப்பைப் பற்றி இனி என்ன என்கிற மாதிரி பின்னால் சாய்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டார்கள். நஷ்டஈடு முழுசாகக் கிடைத்தது. "உங்கப்பா மாதிரி ஒரு சாட்சி நான் பாத்ததில்லம்மா, பிரமாதமாத் தயார் பண்ணியிருக்கே," என்றார் சீனியர். அந்த ஞாயிறு சமையலறையில் அவள் உத்தரவை வாசித்தாள். சித்தப்பா ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அந்த வரிய இன்னொரு தடவ படி."

"'கம்பியைக் கட்டியது யார் என்பது இவ்விசாரணையில் நிறுவப்படவில்லை. அது அவசியமும் இல்லை.'"

"அப்படின்னா?"

"யார் கட்டினாலும் பொறுப்பு கம்பெனியோடதுதான்னு அர்த்தம் சித்தப்பா. நமக்கு சாதகமான வரி."

"யாருன்னு தெரியலன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"சரி," என்றார் சித்தப்பா. சாப்பிட்டு முடித்தார். இடது கையால் தட்டைக் கழுவி அம்மாவிடம் கொடுத்தார். "வரேன் அண்ணி" என்றார். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அம்மா நாலு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைத்தாள். ஊரின் அந்தக் கோடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காவலாளியாகப் போய்விட்டார், அங்கேயே ஜாகை. அவள் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "சௌக்கியமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். வக்கீலம்மா என்று கூப்பிடவில்லை.

லாண்டரியில் ஆரம்பத்தில் கேலி பண்ணினார்கள். ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சா என்று. அப்பா லேசாகச் சிரித்துவிட்டுத் துணியை எண்ணப் போய்விடுவார். கொஞ்ச நாளில் கேலியும் நின்றது. அடுத்த வருஷம் லாண்டரி கைமாறியது. புது முதலாளி வயசானவர்களையெல்லாம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எந்த வேலையைக் காப்பாற்ற அவள் தலையை ஆட்டினாளோ, அது அதற்குப் பிறகு பதினாலு மாதம்தான் இருந்தது.

இப்போது அவளுக்கு நல்ல பெயர். சின்ன வக்கீல்கள் அவள் சாட்சியை விசாரிப்பதைப் பார்க்க வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே சட்டென்று உட்கார்ந்துவிடுகிறாள், எந்தக் காலேஜில் இதைச் சொல்லித் தருகிறார்கள் என்று ஒருத்தி கேட்டாளாம். காலேஜில் சொல்லித்தான் தந்தார்கள். அவள் கற்றுக்கொண்டது சமையலறையில்.

ஞாயிறு தவறாமல் அம்மா வீட்டுக்குப் போகிறாள். போன வாரமும் போயிருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா ஜன்னலோரம், அதே மேஜையில். தலைக்கு மேல் கொடி அப்படியே இருந்தது. அவள் டீ போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மணி என்னப்பா?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "நாலேகால்."

அவள் காத்திருந்தாள். அந்தக் கடிகாரத்துக்கும் ஒரு கதை உண்டு, அவளுக்கே தெரியும். அவர் டீயை எடுத்து ஊதினார்.

"சித்தப்பாவ நெனச்சுப்பீங்களாப்பா?"

"ஆமா."

"என்ன நெனைப்பீங்க?"

அதற்கு அவரிடம் இருந்த நாலு வார்த்தைகளில் பதில் இல்லை. டம்ளரை மேஜையில் வைத்து அதன் ஓரத்தைத் துடைத்தார். அவள் தொழிலில் ஆயிரம் பேரிடம் கேட்கிற கேள்வியை, வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அப்படியே கேட்டாள்.

"வேற ஏதாவது சொல்லணுமாப்பா?"

அவர் நிமிர்ந்தார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். அது எந்தப் பக்கம் அசையப் போகிறது என்று காத்திருந்தார். அவள் தலையாட்டினாள். இந்த முறை நன்றாக, மேலும் கீழும், சொல்லுங்கப்பா என்று, கண்ணீர் மடியில் விழ விழ ஆட்டினாள். அவர் உதடு பிரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் அந்த மூச்சு அப்படியே நின்றது.

"இல்லைங்க," என்றார் மகளிடம்.